கதையின் துணிவு எங்கே இருக்கிறது?

தருமபுரியில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் அரங்கு அரங்காக நின்று நாவல்களின் பின்னட்டைகளைப் படித்துக்கொண்டே போனால், 'துணிச்சலான' என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சாதியைப் பேசும் நாவல் துணிச்சலானது, காமத்தைப் பேசுவது துணிச்சலானது, சாமியைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டால் மிகவும் துணிச்சலானது. மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தில் 'காரம்' என்று அச்சிடுவதைப் போல இந்தச் சொல் பழகிவிட்டதால், அது உண்மையில் எதைக் குறிக்கிறது என்று யாரும் நின்று கேட்பதில்லை. எடுத்துக்கொண்ட பொருளில் இருக்கும் துணிவும், அந்தப் பொருளைக் கதையாக்கும் வேலையில் இருக்கும் துணிவும் வேறு வேறு. முன்னதற்குச் சத்தம் உண்டு, பின்னட்டை உண்டு, சில வேளைகளில் வழக்கும் உண்டு. பின்னது பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாமலே போகிறது. இரண்டுக்குமான விலையை எழுதியவரே கொடுக்கிறார் என்றும் சொல்ல முடியாது.

இந்த மண்ணில் இதற்கு மிகப் பழைய ஒரு சான்று இருக்கிறது. இன்று தருமபுரியாக இருக்கும் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தன் பகைவனாகிய தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குத் திறந்து காட்டினான்; பார்த்து அஞ்சட்டும் என்பது எண்ணம். அப்போது ஔவையார் பாடியதுதான் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. உன் வேல்களோ மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன; எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்பதற்கு முதலில் பாராட்டுப் போலிருக்கும். சொற்கள் உள்ளே இறங்கிய பிறகுதான், உன் ஆயுதங்கள் போரையே கண்டதில்லை என்று பகைவனின் வீட்டுக்குள் நின்றுகொண்டே சொல்லியிருக்கிறார் என்பது தெரியும். நேராகத் திட்டியிருந்தால் அதுவும் வீரமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தூது அன்றே முடிந்திருக்கும். துணிவு இங்கே பாட்டின் வடிவத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, கேட்பவனைத் தானாகவே பொருளைக் கண்டுபிடிக்க விடுகிறது. அந்தக் கண்டுபிடிப்பு அவனுடையதாகிவிடுவதால், சினத்தை யார்மேல் காட்டுவது என்பது அவனுக்கே சிக்கலாகிவிடுகிறது.

வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பாரதக் கூத்தில் துகிலுரிதல் இரவன்று துச்சாதனன் வேடம் கட்டியவர், திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, நான் வேடம்தான் போடுகிறேன், என்னைப் பொறுத்துக்கொள் தாயே என்று அம்மனை வேண்டிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. இதை வெறும் பக்தி என்று எடுத்துக்கொண்டால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். வேடம் வேறு, வேடக்காரர் வேறு என்பதை ஊரறியச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கொஞ்சமும் குறைக்காமல் அந்தக் கொடுமையை நடித்துக் காட்டுவதற்கான ஏற்பாடு அது. கற்பூரம் அணைந்தபின் துச்சாதனன் மென்மையானவனாக மாறுவதில்லை. கற்பூரம் ஏற்றிய காரணத்தாலேயே அவன் முழுக் கொடியவனாக ஆட முடிகிறது. களம், இரவு, விளக்கு, அடவு, முன்பே கதை தெரிந்த கூட்டம் என்று புனைவைச் சுற்றிக் கட்டிய வேலி அவ்வளவு உறுதியாக இருப்பதால்தான், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நடுவில் புகுந்து உள்ளூர்ப் பெரியவர்களைக் கிண்டல் செய்தாலும் பெரும்பாலும் சிரிப்போடு போகிறது.

அச்சிட்ட கதைக்கு அந்த வேலி கிடையாது. நாவல் தனியாக வந்து தனியாக இருக்கும் ஒருவர் கையில் சேர்கிறது. அதிலிருந்து நான்கு பக்கங்களைப் பிய்த்தெடுத்தால் வேலியே இல்லாத வெறும் வாக்கியங்கள்தான் மிஞ்சும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் எந்தக் கலவரமும் இல்லாமல் படிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியபோது, குழந்தையில்லாத பெண் கோயில் திருவிழா இரவில் வேறொரு ஆணோடு சேர்வதைப் பேசும் சில பக்கங்கள்தான் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். தொடர்ந்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரத்தை முதலிலிருந்து கடைசிவரை கூடவே நடந்து பார்ப்பவருக்கு அந்தத் திருவிழாப் பகுதி எப்படிப் பொருள்படும் என்பதும், நகலெடுத்த தாளை டீக்கடையில் வாங்கிப் பார்ப்பவருக்கு எப்படிப் பொருள்படும் என்பதும் ஒன்றாக இருக்கவே முடியாது. நகலெடுத்தவர்கள் பொய்யாக எதையும் சேர்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை, வெட்டியதே போதும்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வு அளித்த தீர்ப்பு, அந்தக் கடிதத்துக்குக் கட்டுப்படுத்தும் வலு இல்லை என்றது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்றது. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து தனக்குக் கைவந்த எழுத்து வேலையைச் செய்யட்டும் என்றும் சொன்னது. மகிழ்ச்சியான முடிவுதான். ஆனாலும் தாசில்தார் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ கூப்பிடப்படும் ஒருவருக்கு உயர் நீதிமன்றம் எட்டுவதற்குள் ஒன்றரை ஆண்டு ஆகிவிடுகிறது என்பதையும் இந்த வழக்கிலேயே பார்க்கிறோம். சட்டத்தில் இதற்கான பிரிவுகள் அப்படியே தொடர்கின்றன. 2024 ஜூலை 1 முதல் எண்கள்தான் மாறின. பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவினரிடையே பகை மூட்டுவது பற்றிய 153ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 196 ஆகவும், மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 295ஏ என்பது 299 ஆகவும், ஆபாச நூல் பற்றிய 292 என்பது 294 ஆகவும் இருக்கின்றன. நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, புதிய நடைமுறைச் சட்டத்தில் 98.

எழுதியவர் மட்டுமே இதில் மாட்டுவதில்லை, வெளியிட்டவரும் மாட்டுகிறார். பென்னாகரம் போகும் வழியிலுள்ள பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று இறந்த சுப்பிரமணிய சிவாவை இந்த மாவட்டம் விடுதலைப் போராட்ட வீரராகவே நினைவில் வைத்திருக்கிறது. அவர் 'ஞானபாநு' என்ற இதழை நடத்தியவர் என்பதும், புதுச்சேரியில் ஒற்றர்களின் கண்காணிப்பில் இருந்த பாரதியின் 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வந்தது என்பதும் குறைவாகவே பேசப்படுகின்றன. பாரதியின் 'ஆறில் ஒரு பங்கு' என்ற சிறுகதையை ஆங்கிலேய அரசு ஏற்கெனவே தடை செய்திருந்த காலம் அது. தானே சிறையில் நோயும் துன்பமும் பட்டு வெளியே வந்திருந்த ஒருவர், அரசின் பார்வையிலிருந்த இன்னொருவரின் எழுத்தை அச்சேற்றினார். சின்னச் சங்கரன் கதையோ தன்னையும் தன் எட்டயபுரம் சமஸ்தான நாட்களையும் பாரதி தாமே கேலி செய்துகொள்ளும் கதை. அரசை எதிர்க்கும் துணிவு வேறு, தன்னையே சிரிப்புக்கு இடமாக்கிக்கொள்ளும் இந்தத் துணிவு வேறு. இரண்டாவதுதான் அரிது என்பேன்.

இனித் தருமபுரியை எழுதுவதைப் பார்க்கலாம். 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தை அடுத்து, நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் மூன்று தலித் குடியிருப்புகள் தீக்கிரையாயின. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2013 ஜூலை 4 அன்று அந்தத் திருமணத்தின் மணமகனான இளைஞர் தருமபுரியில் இருப்புப்பாதையருகே பிணமாகக் கிடந்தார். அதே ஆண்டில் வெளிவந்த பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவல் அவருக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நாவலுக்குள் தருமபுரி இல்லை, அந்தச் சம்பவம் இல்லை. சோடாக்கடையில் வேலை செய்யும் ஒருவன் வேறு ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, தாய் இருக்கும் பாறைக் குடிசையில் குடிவைக்கிறான். அந்தப் பெண் என்ன சாதி என்பதைக் கடைசிவரை நாவல் சொல்வதேயில்லை.

இதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நாவல் ஒரு சாதிக்கும் இன்னொரு சாதிக்குமான வழக்காகிவிடும். மற்ற எல்லாச் சாதியாரும் அக்கடா என்று வேடிக்கை பார்க்கலாம். சொல்லாமல் விட்டதனால், ஊரார் அந்தப் பெண்ணின் நிறத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் 'யாராயிருக்கும்' என்று துருவும்போது, படிப்பவரும் அறியாமல் அதே துருவலில் இறங்கிவிடுகிறார். பத்துப் பக்கம் போனபின், நான் ஏன் இதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு துடிக்கிறேன் என்று அவருக்கே உறைத்தால் உறைக்கலாம். படிப்பவரைக் குற்றத்தில் பங்காளியாக்குவது, அவரைக் கண்ணீர் விட வைப்பதைவிட ஆபத்தான வேலை. உறைக்காமல் போகவும் கூடும். வெறும் மழுப்பல் என்று தள்ளப்படவும் கூடும். அந்தத் தோல்விக்கான வாய்ப்பையும் சேர்த்துத்தான் ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறார்.

நல்லவரின் பக்கம் நின்று எழுதுவதில் ஊரார் பகை என்ற ஆபத்து உண்டே தவிர, கலை என்ற வகையில் ஆபத்து அதிகமில்லை. எரிக்கப்பட்ட வீட்டின் பக்கம் நிற்கும் கதை எங்கே போய் முடியும் என்பது எழுதத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். தீவைக்கப் போன கூட்டத்தின் கடைசி வரிசையில், பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டதற்காகப் போன ஒருவனின் மனத்துக்குள்ளிருந்து எழுதிப் பாருங்கள். அவன் மகளை அவன் எவ்வளவு நேசிக்கிறான் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு வாக்கியம் பிசகினால் அது அவனுக்கான வக்காலத்து ஆகிவிடும். மறுபக்கம் பிசகினால் அவன் பொம்மையாகிவிடுவான். இரு தரப்பாரும் திட்டுவதற்கு இடமுள்ள அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் நான் அதிகம் கண்டதில்லை. நம்மவர்களை, அதாவது நம் வீட்டில் நம்மோடு உட்கார்ந்து களி தின்பவர்களை, அன்போடும் தப்பவிடாமலும் எழுதுவதுதான் கையை நடுங்க வைக்கும்.

அரூர் வட்டத்து வாச்சாத்தியை நினைத்தால் இதில் இன்னொரு தயக்கம் சேர்ந்துகொள்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சீருடைக்காரர்களுக்கு எதிராக நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன அந்தப் பெண்களின் துணிவுக்கு முன், அறையில் உட்கார்ந்து எழுதும் எவருடைய துணிவும் கூசும். அவர்களே சொல்லிவிட்டதை நாவலாசிரியர் இன்னொரு முறை, கூடுதல் அலங்காரத்தோடு சொல்வது எதற்கு? புனைவுக்கு அங்கே வேலை இருக்கிறது என்றால், அது சாட்சியம் எட்டாத இடத்தில்தான்: அன்று லாரியில் ஏறிப் போய்வந்து, இரவு வீட்டில் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தவனின் தட்டுக்கு முன்னால். அங்கே போக யார் முன்வருவார் என்று தெரியவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்களில் ஆநிரை மீட்டு இறந்தவனின் உருவமும், பல கற்களில் அவன் பெயரும் இருக்கின்றன. கல்லைச் செதுக்கியவன் பெயரை அநேகமாகக் காண முடியாது. நாவலில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. செதுக்கியவர் பெயர் அட்டையில் பெரிதாக நிற்கிறது; யார் வாழ்க்கை எடுக்கப்பட்டதோ அவர் பெயர் மாற்றப்பட்டுவிடுகிறது. மாற்றினால் மறைந்துவிடும் என்று நினைப்பது நகரத்துக்காரரின் நம்பிக்கை. பாலக்கோட்டுப் பக்கம் ஆசிரியராக இருக்கும் என் நண்பர் ஒருவர், சொந்த ஊரின் நிலத்தகராறு ஒன்றைச் சிறுகதையாக்கிச் சிற்றிதழில் வெளியிட்டார். ஊர்ப் பெயரை மாற்றினார், செவலைக் காளையை மயிலைக் காளையாக்கினார், கிணற்றை ஏரிக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். ஒரு வாரத்தில் ஊர் கண்டுபிடித்துவிட்டது, ஏனென்றால் கதையில் ஒரு பெண் சொல்லும் பழமொழியை அந்த ஊரில் அவருடைய அத்தை ஒருவர்தான் சொல்வார். நண்பர் பேளூர் ரோட்டில் வாடகை வீட்டில் இருப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைதான் ஒரு மாதம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகாமல், பக்கத்து வீட்டுப் பையனிடம் கேனைக் கொடுத்தனுப்பினார். சிற்றிதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று, கதையின் துணிச்சலைப் பாராட்டியிருந்தன.

வடிவத்திலும் மொழியிலும் எடுக்கும் துணிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூரில் வாழும் எழுத்தாளர்களில், பா. வெங்கடேசன் 'தாண்டவராயன் கதை'யில் பக்கக்கணக்கில் நீளும் வாக்கியங்களை நம்பியிருக்கிறார். ஆதவன் தீட்சண்யா 'மீசை என்பது வெறும் மயிர்' நாவலை, இல்லாத ஓர் எழுத்தாளரின் எழுத்தும் பேட்டியுமாக அமைத்திருக்கிறார். இதற்காக யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள். ஆனால் படிக்கப்படாமல் போகும் ஆபத்தை அறிந்தே ஏற்பது எழுத்தாளருக்குச் சிறிய விஷயமில்லை.

எனக்கு வியப்பூட்டும் துணிவு வேறொன்று. ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையில், மழை நாளில் கெடுக்கப்பட்டு வந்து நிற்கும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். கண்டனக் கடிதங்கள் குவிந்தன, கதையும் நிலைத்தது. பெரும்பாலானவர் அந்தப் புகழோடு நின்றிருப்பார்கள். அவரோ சில ஆண்டுகள் கழித்து, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதன் நாயகி, முந்தைய கதையைப் பத்திரிகையில் படித்து அதிர்ச்சியடைபவளாக வருகிறாள். எதிரிகளுக்கு முன்னால் ஊன்றி நின்ற முடிவை, பாராட்டியவர்களுக்கு முன்னால் தானே கலைத்துப் பார்த்திருக்கிறார்.

படிப்பவரின் துணிவைப் பற்றி நாம் குறைவாகப் பேசுவதற்குக் காரணம், படிப்பதை நாம் ஓய்வு என்று நினைப்பதுதான். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 71.46, தருமபுரியில் 68.54, தமிழ்நாட்டிலேயே கடைசி. அதாவது இங்கே நாவல் படிக்கும் பலரும் தம் வீட்டில் நாவல் படிக்கும் முதல் ஆட்கள். பாடப்புத்தகம் படித்தால் வேலைக்கு ஆகும், கதைப்புத்தகம் எதற்கு ஆகும் என்ற கேள்விக்கு வீட்டில் பதில் கிடையாது. ஒரு பெண் அடுப்பைத் தணித்துவிட்டு அரைமணி நேரம் கதை படித்தால், அவள் சோம்பேறி என்பதைவிட, அவள் மனம் இப்போது எங்கே இருக்கிறது என்பதே வீட்டாரின் கவலையாக இருக்கிறது. அந்தக் கவலை தவறானதுமில்லை. அவள் மனம் வேறெங்கோதான் இருக்கிறது.

இன்னொரு வகை ஆபத்தும் வாசிப்பில் உண்டு. தன் சாதியை, தன் கட்சியை, தன் தகப்பனைப் போன்ற ஒருவரைக் கதை உரித்துக் காட்டும்போது புத்தகத்தை மூடாமல் இருப்பது கடினம். அதைவிடக் கடினமானது, தன் தரப்புக்கு ஆதரவான நாவலைப் படித்துவிட்டு இது நன்றாக இல்லை என்று கூட்டத்தில் சொல்வது. நான் போகும் வாசகர் சந்திப்பொன்றில், முழுவதும் படித்து முடிக்காதவர் அன்று பேசக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். வந்தவர்கள் இருபது பேரில் பேசுவதற்குத் தகுதியுள்ளவர் நாலு பேர் என்ற நிலை பலமுறை வந்திருக்கிறது. மற்றவர்கள் டீ குடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாட்ஸாப்பில் வந்த ஒற்றைப் பக்கத்தைக் காட்டிக் கொதித்தவர் ஒருவர், அந்த விதிக்காகவே மீதி முந்நூறு பக்கத்தையும் படித்துவிட்டு அடுத்த மாதம் வந்தார். அவர் கருத்து மாறவில்லை. ஆனால் அன்று அவர் பேசியது ஒரு நாவலைப் பற்றி.

பாலக்கோட்டு நண்பர் அதே நிலத்தகராறை இப்போது மறுபடியும் எழுதுகிறார். இந்த முறை வழக்குப் போட்டவனின் வாயாலேயே கதை செல்கிறது. அந்த வழக்கைப் போட்டவர் அவருடைய தகப்பனார். எந்த இதழுக்கும் இன்னும் அனுப்பவில்லை. அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போய் இவரே படித்துக் காட்டுகிறார். போன வாரம் பழமொழி வரும் இடத்தைத் தாவிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கிறார். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அத்தை, கையை நிறுத்தாமல், "நடுவுல ஏதோ முழுங்கிட்ட, அந்த எடத்த இன்னொருவாட்டி படி" என்றாராம்.